உருகுநிலையும் உறவுமுறையும்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொல்காப்பிய மரபியலை நடத்தும் பொறுப்பு ஆண்டுதோறும் நம்மிடம் வந்து சேர்கிறது. உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கியும், அவற்றின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் இவற்றைத் தொகுத்தும் செல்லும் அவ்வியலை மாணவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. வெறும் பெயர்ப்பட்டியல் என்று ஒதுக்கிவிடுவர். நமக்கோ அதில் தனி ஈடுபாடு உண்டு. இரண்டு உயிர்களைச் சேர்த்து இவை ஓரினம் என்று சொல்ல என்ன அடிப்படை வேண்டும் என்ற கேள்வியைத் தமிழில் முதலில் எழுப்பிக்கொண்ட இடம் அது என்பது நமது கருத்து. விடை பழையதாகிவிட்டது, கேள்வி ஆகவில்லை.

பாலைத்திணைப் பாடல்களில் வரும் எருவையையும் பருந்தையும் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அமெரிக்காவிலும் இதேபோல் மொட்டைத் தலைப் பிணந்தின்னிக் கழுகு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பின்னே போனதில் நமக்கு ஓர் ஆண்டு ஓடிவிட்டது. நாம் படித்தது தமிழ் இலக்கியம். விலங்கியல் நமக்கு அயல்வீடு. ஆயினும் அயல்வீட்டில் நடப்பது நம் வீட்டுக் கதையாகவே இருக்கக் கண்டால் எட்டிப் பாராமல் இருப்பது எங்ஙனம்?

இரு கண்டங்களின் கழுகுகளும் தோற்றத்தில் உடன்பிறந்தவை போன்றவை. இறகற்ற தலை, அகன்ற சிறகு, வெப்பக் காற்றில் மிதந்தபடி பிணம் தேடும் வாழ்க்கை. ஆனால் அமெரிக்கக் கழுகுகளுக்குக் குரலெழுப்பும் உறுப்பு இல்லை. சீறவும் உறுமவுமே முடியும். அவற்றுள் சில மோப்பத்தாலேயே இரையைக் கண்டடையும். நமது பக்கத்துக் கழுகுகளுக்குக் கண்தான் துணை. வெயில் மிகும்போது தம் கால்களின்மேலேயே எச்சமிட்டு அவை குளிர்ச்சி தேடிக்கொள்ளும். இவ்வழக்கம் நாரைகளுக்கும் உண்டு. எனவே, அமெரிக்கக் கழுகு உண்மையில் கழுகு வேடம் பூண்ட நாரையோ என்ற ஐயம் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. எலும்பைப் பார்த்தவர் ஒன்று சொன்னார், தசையைப் பார்த்தவர் வேறொன்று சொன்னார். வழக்கு முடியவில்லை.

இத்தகைய வழக்குகளைத் தீர்க்க 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு புதிய துலாக்கோல் வந்தது. டி.என்.ஏ. கலப்பிணைவு என்று அதைத் தமிழில் சொல்லலாம். இன்று அதைப் பெரும்பாலும் யாரும் கையாள்வதில்லை. ஆயினும் அதன் எளிமை நம்மை வசப்படுத்தியது. வேதியியல் அறியாத நமக்கே விளங்கியது என்றால் வாசகர்களுக்கு விளங்குவதில் ஐயமில்லை.

டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்ட ஏணி. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்று ஓரெழுத்துக்கு ஓரெழுத்து துணை நிற்கும். முன்னைய துணையை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் பின்னையதை மூன்று பிணைப்புகளும் இறுக்கியிருக்கின்றன. கரைசலைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கினால் அப்பிணைப்புகள் அறுந்து இழைகள் இரண்டும் தனித்தனியே பிரியும். மெல்ல ஆறவிட்டால் பிரிந்த இழைகள் தத்தம் துணையைத் தேடி மீண்டும் சேரும். இவ்வாறு சேரும் என்பதை 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் மார்மரும் பால் டோட்டியும் அவர்தம் குழுவினரும் கண்டு வெளியிட்டனர். உடைந்தது தானே கூடும் என்று அதற்குமுன் பலரும் எதிர்பார்க்கவில்லை.

இனி நடந்ததே சுவையானது. ஓர் உயிரின் இழைகளோடு வேறோர் உயிரின் இழைகளைக் கலந்து ஆறவிட்டால் என்னாகும்? நெருங்கிய உறவினவாயின் எழுத்துகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆகவே அயலிழையோடும் இழை சேர்ந்துகொள்ளும். ஆனால் அங்கங்கே துணை பொருந்தாத இடங்கள் இருக்கும். பொருந்தாத இடத்தில் பிணைப்பு இல்லை. பிணைப்புக் குறைந்த இரட்டையை மீண்டும் சூடாக்கினால் அது விரைவில் உருகிப் பிரியும். தன்னினத்து இரட்டை எத்தனை பாகையில் பிரிகிறது, கலப்பிரட்டை எத்தனை பாகையில் பிரிகிறது என்று அளந்து இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால், அதுவே இவ்விரு உயிர்களுக்கும் இடையிலுள்ள தூரம். ஒரு பாகை வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு ஓரெழுத்து மாறியிருப்பதைக் குறிக்கும் என்று மதிப்பிட்டனர். ஒரெழுத்தைக்கூட வாசிக்காமல் இரண்டு நூல்களுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்று அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு அறிவதற்கு ஒப்பானது இது.

வாஷிங்டனிலுள்ள கார்னகி நிறுவனத்தில் எல்லிஸ் போல்டனும் பிரையன் மெக்கார்த்தியும் 1962இல் இதற்கு ஒரு வழி அமைத்தனர். அதே நிறுவனத்தின் ராய் பிரிட்டனும் டேவிட் கோனும் 1968இல் வேறோர் உண்மையைக் கண்டனர். உயர் உயிர்களின் டி.என்.ஏ.வில் சில பகுதிகள் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுண்டெலியின் டி.என்.ஏ.வில் பத்தில் ஒரு பங்கு, ஒரு சிறு தொடரே பத்து இலட்சம் முறை அளவில் வருவதால் ஆனது. பாட்டில் பல்லவி போல என்று நாம் புரிந்துகொண்டோம். பல்லவியைப் பல்லவியோடு ஒப்பிட்டால் எல்லாப் பாட்டும் ஒன்றாகவே தோன்றும். சரணத்தைச் சரணத்தோடு ஒப்பிட வேண்டும். எனவே, திரும்ப வரும் பகுதிகளை முதலில் நீக்கிவிட்டு ஒருமுறை மட்டும் வருவனவற்றைக் கொண்டே ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டது.

இத்துலாக்கோலைத் தம் வாழ்நாட் பணியாக ஏந்தியவர் சார்லஸ் சிப்லி. யேல் பல்கலைக்கழகத்துப் பறவையியலாளர். பறவைகளின் உறவைத் தோற்றத்தைக் கொண்டு தீர்க்க முடியாது என்ற முடிவுக்கு முன்பே வந்து, முட்டையின் வெண்கருப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பல ஆண்டுகள் முயன்றவர். அதில் நிறைவு கொள்ளாமல் டி.என்.ஏ.வுக்கு வந்தார். உடன் உழைத்தவர் ஜான் ஆல்கிஸ்ட். இருவரும் 1970களின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ 1,700 பறவை இனங்களின் டி.என்.ஏ.வை ஒன்றோடொன்று கலந்து, 26,000க்கும் மேற்பட்ட கலப்பிரட்டைகளை உருக்கி அளந்தனர். ஓர் இனத்தின் இழைக்குக் கதிரியக்க அயோடினால் பொட்டிட்டு, மற்றோர் இனத்தின் இழைகளோடு பெருமளவில் கலந்து, நாட்கணக்கில் சேரவிட்டு, பிறகு ஹைட்ராக்சி அபடைட் என்னும் கனிமம் நிரப்பிய குழாய்களில் ஏற்றி, 55 பாகையிலிருந்து 95 பாகை வரை இரண்டரை இரண்டரைப் பாகையாகச் சூட்டை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் கழன்று விழும் இழைகளின் கதிரியக்கத்தை எண்ணுவது வேலை. இதை இருபத்தாறாயிரம் முறை! ஏட்டுச் சுவடி பெயர்த்தெழுதுவோரின் பொறுமையை நாம் பெரிதாகப் பேசுவதுண்டு. இது அதற்குக் குறைந்ததன்று.

விளைவாக 1990இல் அவர்கள் வெளியிட்ட பெருநூல் பறவைகளின் குடிவழியையே மாற்றி எழுதியது. அதில் நம்மை மிகவும் ஈர்த்த பகுதி ஆஸ்திரேலியாவைப் பற்றியது. அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் தாம் கண்ட சிறு பறவைகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களையே இட்டனர். செம்மார்புடையது ராபின், வாலை நிமிர்த்தியது ரென், மரத்தில் ஏறுவது மரமேறி என்று. அறிஞர்களும் அவை ஐரோப்பாவிலிருந்து அலையலையாக வந்து குடியேறியவற்றின் வழித்தோன்றல்கள் என்றே எழுதிவந்தனர். சிப்லியின் குழாய்கள் வேறு சொல்லின. ஆஸ்திரேலிய ராபினுக்கு ஐரோப்பிய ராபின் உறவன்று. ஆஸ்திரேலிய ரென்னுக்கு ஐரோப்பிய ரென் உறவன்று. அவை தம் மண்ணிலேயே கிளைத்துப் பெருகி, ஒத்த வாழ்க்கையால் ஒத்த உருவம் பெற்றவை; உறவால் காக்கைக் குடும்பத்துக்கே அணுக்கமானவை. பிற்காலத்தில் எழுத்தெழுத்தாக வாசித்தவர்கள் இதனினும் வியப்பான செய்தியைக் கண்டனர். உலகெங்கும் பாடித்திரியும் பாடும் பறவைகள் அனைத்தின் தொல்லகமே ஆஸ்திரேலியப் பகுதிதான். குடியேறிகளின் வழி என்று எண்ணப்பட்டவை, குடியேறியவர்களை அனுப்பிவைத்த குடும்பத்தைச் சேர்ந்தவை!

மொழியியல் அறிந்தவர்களுக்கு இங்கே வேறொன்று நினைவுக்கு வரும். சொற்கள் ஒத்திருப்பதாலேயே இரு மொழிகள் உறவாகிவிடா. கடன் சொற்கள் எத்தனை நூறாயினும் குடும்பம் மாறாது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியபோது அவர் சொற்குவியலை மட்டும் நம்பவில்லை. வேற்றுமை உருபு, இடப்பெயர், எண்ணுப்பெயர், வினைத்திரிபு என்று மொழியின் எலும்புக்கூட்டைத் தொட்டார். மேலோட்டமான ஒப்புமையைக் கடந்து ஆழத்துக்குச் செல்ல வேண்டும் என்ற அதே உந்துதல்தான் சிப்லியையும் இயக்கியது.

ஆனால் இங்குதான் ஒரு சிக்கல். கலப்பிணைவு ஆழத்துக்குச் செல்கிறது. ஆனால் அங்கிருந்து திரும்பும்போது ஒரே ஓர் எண்ணை மட்டுமே கொண்டுவருகிறது. எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியது என்று அது சொல்லாது. சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இதன் குறைபாடு உடனே விளங்கும். மூன்று ஏடுகள் கிடைக்கின்றன எனக் கொள்வோம். முதல் ஏட்டுக்கும் இரண்டாம் ஏட்டுக்கும் நாற்பது பாடபேதங்கள். முதலுக்கும் மூன்றுக்கும் அறுபது. இதை வைத்து முதலும் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தவை என்று துணியலாமா? கூடாது. மூன்றாம் ஏட்டைப் பெயர்த்தவர் கவனமில்லாதவராக இருந்து, தாமே இருபது பிழைகளைக் கூடுதலாகச் செய்திருக்கலாம். பிழைகளை எண்ணுவது வேறு; ஒரே பிழை இரண்டு ஏடுகளில் வருகிறதா என்று பார்ப்பது வேறு. பின்னதே உறவுக்குச் சான்று. ஏனெனில் ஒரே இடத்தில் ஒரே பிழையை இருவர் தனித்தனியே செய்வது அரிது. உயிர்களிலும் எல்லாக் குடும்பங்களும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. எலிகள் போன்று விரைவில் தலைமுறை மாறும் உயிர்களில் எழுத்துமாற்றம் மிகுதி. தூரத்தை மட்டும் அளந்தால், வேகமாய் ஓடியவன் தொலைவில் பிறந்தவனாகத் தோன்றுவான்.

சிப்லியின் மரம் சில இடங்களில் முறிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் மாணவரின் கழுகுக்கு வருவோம். அமெரிக்கக் கழுகுகள் நாரைகளுக்கு உறவு என்பதைத் தம் அளவீடுகளும் காட்டுவதாகச் சிப்லியும் ஆல்கிஸ்டும் எழுதினர். அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் 1998இல் அக்கழுகுகளைத் தன் பட்டியலில் நாரை வரிசைக்கே மாற்றியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2007இல், அவற்றை மீண்டும் பழைய இடத்துக்கே அழைத்துக்கொண்டது. 2008இலும் 2014இலும் வெளிவந்த பெரும் எழுத்தாய்வுகள் அவை நாரைகள் அல்ல, பருந்து-கழுகுக் குடும்பத்தின் அண்டைக் கிளையே என்று காட்டின. ஆக, மாணவருக்கு நாம் சொன்ன விடை: பங்காளிகள்தாம், ஆனால் உடன்பிறந்தவர்கள் அல்லர், மொட்டைத் தலையை இருவரும் தனித்தனியே ஈட்டிக்கொண்டனர்.

இன்னோர் உறவையும் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு எது? நீண்ட காலைப் பார்த்து நாரை என்றனர் சிலர். அலகைப் பார்த்து வாத்து என்றனர் சிலர். 2001இல் எழுத்து வாசிப்பையும் கலப்பிணைவையும் சேர்த்துக் கையாண்ட ஓர் ஆய்வு முக்குளிப்பானைக் கைகாட்டியது. எங்கள் கல்லூரிக்குப் பின்னுள்ள ஏரியில் கைப்பிடி அளவே உடம்பாய், தலையைக் காட்டுவதும் மூழ்குவதுமாய் இருக்கிறதே, அதே குடும்பம்தான். கோடியக்கரையில் ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தச் செம்மை படர்ந்த பேரழகிக்கு இந்தக் குள்ளன் உறவென்று எந்தக் கண் சொல்லும்? முதலில் யாரும் நம்பவில்லை. பின்வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் அதையே உறுதி செய்துவிட்டன.

இனி மனிதனைப் பற்றிய பகுதி. சிப்லியும் ஆல்கிஸ்டும் பறவைகளோடு நிற்கவில்லை. 1984இல் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் இவற்றின் டி.என்.ஏ.வைக் கலந்து அளந்த முடிவுகளை வெளியிட்டனர். அதுவரை பெரும்பாலோர் கருதியது, சிம்பன்சியும் கொரில்லாவும் ஒரு சோடி, மனிதன் தனி என்பது. இவர்கள் அளவீடு சிம்பன்சிக்கு மிக நெருங்கிய உறவு கொரில்லா அன்று, மனிதனே என்று காட்டியது. இவ்வெண்களைத்தான் ஜாரெட் டயமண்ட் 1991இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்தாண்டு, மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் வேறுபாடு 1.6 விழுக்காடே என்று உலகறியச் செய்தார். நாம் மூன்றாவது சிம்பன்சி என்ற அவரது தொடர் புகழ்பெற்றது.

ஆனால் அதற்குள் புயல் எழுந்துவிட்டது. ஜானதன் மார்க்ஸ், கார்ல் ஷ்மிட், வின்சென்ட் சாரிச் ஆகிய மூவர் 1988இல் இவ்வளவீடுகளைக் கேள்விக்குட்படுத்தினர். இவர்களுள் சாரிச், மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிரிந்து ஐம்பது இலட்சம் ஆண்டுகளே ஆயின என்று 1967இல் ஆலன் வில்சனோடு சேர்ந்து எழுதி, புதைபடிவ அறிஞர்களின் சினத்துக்கு ஆளானவர். மூலக்கூற்றுச் சான்றின் பகைவர் அல்லர், அதன் முன்னோடி. அவர் கேட்டதனால்தான் கேள்விக்கு எடை கூடியது. சிப்லி குழுவின் மூல அளவீடுகளையும் அச்சில் வந்த எண்களையும் ஒப்பிட்டபோது இரண்டும் பல இடங்களில் ஒன்றாக இல்லை. சில எண்கள் திருத்தப்பட்டிருந்தன. திருத்தியதற்குக் காரணங்கள் இருந்தன. டி.என்.ஏ. துண்டுகளின் நீளம் குறைந்தால் உருகுநிலையும் குறையும். அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது போன்ற தொழில்நுட்பக் காரணங்கள். ஆனால் திருத்தியிருக்கிறோம் என்ற செய்தி கட்டுரையில் இல்லை. குற்றம் அதுவே. சிப்லி குழுவினரும் 1990இல் மறுகணக்கீட்டுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டு, திருத்தாத அளவீடுகளைக் கொண்டு பார்த்தாலும் முடிவு அதேதான் என்று வாதிட்டனர். இதற்கு முந்தைய ஆண்டே கக்கோனே, பவல் என்னும் இருவர் சற்று வேறான முறையில் தாமே அளந்து அதே முடிவுக்கு வந்திருந்தனர்.

முடிவு சரியா? சரி. 2005இல் சிம்பன்சியின் முழுத் தொடர் வாசிக்கப்பட்டபோது ஒப்பிடத்தக்க பகுதிகளில் எழுத்து வேறுபாடு 1.23 விழுக்காடு என்று தெரிந்தது. மனிதனும் சிம்பன்சியுமே சோடி. 2012இல் கொரில்லாவின் தொடரும் வந்தது. அது கதையில் ஒரு முடிச்சையும் சேர்த்தது: தொடரின் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் கொரில்லா நம்மிருவருள் ஒருவருக்கு, நாம் ஒருவருக்கொருவர் இருப்பதைவிட நெருக்கமாக இருக்கிறது. சொத்துப் பிரிவினையில் எல்லா நிலமும் ஒரே கோட்டில் பிரிவதில்லை அன்றோ, அதுபோல. ஆக, சிப்லி கண்டது மெய்யே. ஆனால் அவர் காட்டிய எண்களை அப்படியே நம்புவதற்கில்லை. 1998இல் மறைந்த அந்த மனிதரை எந்தத் தட்டில் வைப்பது?

இவ்விடத்தில் நமக்கு விலங்கியல் மறந்து பதிப்பியல் முன்னே வந்து நின்றது. ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தோரும் அச்சிட்டோரும் இப்படித்தான் சிதைந்த இடத்தைத் தம் புலமையால் நிரப்பிவந்தனர். யாப்பு அறிந்தவர், பொருள் அறிந்தவர், சீர் குறைந்தால் அவருக்குப் பொறுக்காது. சொல்லை இட்டு நிரப்பிவிடுவார். பல இடங்களில் அவர் இட்ட சொல் பொருத்தமாகவே இருக்கும். வேறு ஏடு கிடைக்கும்போது அதுவே மூலச் சொல்லாக இருக்கவும் கூடும். ஆயினும் இங்கே திருத்தியிருக்கிறேன் என்று குறிப்பு எழுதாத வரை அவர் நமக்குத் தந்தது ஏடு அன்று, தம் கருத்து. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு, பின்னர்ப் புறநானூறு முதலியவற்றைப் பதிப்பித்தபோது பிரதிபேதங்களைக் காட்டியும் சிதைந்த இடங்களைச் சிதைந்தவாறே விட்டும் சென்றார். புறநானூற்றில் அடிகளுக்கு நடுவே புள்ளிகள் நிற்கும் பக்கங்களை மாணவர்கள் கண்டால் அலுத்துக்கொள்வர். அப்புள்ளிகளுக்காகவே அந்தப் பதிப்பை நம்பலாம் என்பது நமது எண்ணம். நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லாமலா விட்டார்?

நிற்க. அந்த 98 விழுக்காட்டைப் பற்றியும் ஒரு சொல். மேடைப் பேச்சாளர்கள் முதல் சோதிடர்கள் வரை இன்று யாவரும் எடுத்தாளும் எண் அது. முன்சொன்ன மூவருள் ஒருவரான மார்க்ஸ் 2002இல் இவ்வெண்ணைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எழுத்துகள் நான்கே ஆதலால், உறவே இல்லாத இரண்டு தொடர்களைப் பக்கத்தில் வைத்தாலும் நான்கில் ஓரெழுத்து தற்செயலாகப் பொருந்தும். அதாவது, இத்துலாக்கோலில் சுழியம் என்பது 25இல் தொடங்குகிறது. இதை அறியாமல் விழுக்காட்டை மட்டும் வியப்பது பொருளற்றது. வேறொன்று: கலப்பிணைவில் சேராத பகுதிகள் கணக்கிலேயே வருவதில்லை. ஓர் ஏட்டில் ஒரு பாட்டே விடுபட்டிருந்தால், மற்றப் பாட்டுகளில் உள்ள எழுத்து வேறுபாட்டை மட்டும் எண்ணி நூற்றுக்கு ஒன்று என்று சொல்வது போன்றது அது. 2002இல் ஓர் ஆய்வாளர், விடுபட்டதும் இடைப்புகுந்ததுமான பகுதிகளையும் சேர்த்தால் மனித-சிம்பன்சி வேறுபாடு ஏறத்தாழ 5 விழுக்காடு என்று கணக்கிட்டார். யார் அவர்? 1968இல் பல்லவிகளைக் கண்டுபிடித்த அதே ராய் பிரிட்டன். தாம் உருவாக்கிய முறை விட்டதைத் தம் எண்பதுகளில் தாமே எண்ணிக் காட்டினார். இம்முழுக் கதையிலும் நமக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தாம்.

டி.என்.ஏ. கலப்பிணைவு விலங்குலகில் 1990களிலேயே ஓய்ந்துவிட்டது. ஆனால் நுண்ணுயிர்களிடையே அது இன்னும் பல காலம் ஆட்சி செய்தது. பாக்டீரியாக்களுக்கு மொட்டைத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எதைக் கொண்டு இனம் பிரிப்பது? 1987இல் அறிஞர் குழு ஒன்று கோடு கிழித்தது. இரண்டு பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. 70 விழுக்காடோ அதற்கு மேலோ கலப்பிணைந்தால் ஓரினம், குறைந்தால் வேறினம். ஏன் எழுபது? முன்பே ஓரினம் என்று ஒத்துக்கொள்ளப்பட்டவை பெரும்பாலும் அக்கோட்டுக்கு மேலே இருந்தன, அவ்வளவே. இயற்கை அங்கே வேலி போட்டிருக்கவில்லை.

எங்கள் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை அம்மையார் ஒருவர் இக்கோட்டின்மேல் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். 1990களின் இறுதியில் அவர் தம் முனைவர் பட்டத்துக்காக உப்பளச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது புதிய இனம் என்று நிறுவ முயன்றார். இந்தக் கழுகு விவகாரத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் நாம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், "சார், அந்தக் குழாயில் நானும் கொஞ்சம் வெந்திருக்கிறேன்" என்று அவர் தொடங்கினார். அறியப்பட்ட மிக நெருங்கிய இனத்தோடு தம் பாக்டீரியாவைக் கலப்பிணைத்து மும்முறை அளந்திருக்கிறார். முதல்முறை 68. இரண்டாம் முறை 73. மூன்றாம் முறை 66. நான்காம் முறைக்கு வேதிப்பொருள் வாங்கப் பணம் இல்லை, உதவித்தொகை முடிந்துவிட்டது.

அவருடைய நெறியாளர் அனுபவசாலி. 73 என்பது கைப்பிழை, அதை விட்டுவிடு, மற்றிரண்டின் சராசரி 67, புதிய இனம் என்று எழுது என்றாராம். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் மூன்றையும் கூட்டு, சராசரி 69, அப்போதும் எழுபதுக்குக் கீழேதான் என்றாராம். கணக்கு சரிதான். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு ஓர் ஆய்வாளருக்கு எத்தனை முறை கிட்டும்? அம்மையார் தம் தந்தையாரின் ஊர்ப்பெயரை அதற்கு இடுவதாக இருந்தார். ஆயினும் ஒரே உயிர் ஒருநாள் கோட்டுக்கு மேலும் மறுநாள் கோட்டுக்குக் கீழும் நிற்குமானால், தாம் அளந்தது உயிரின் தூரத்தையா தம் கருவியின் நடுக்கத்தையா என்ற ஐயம் அவரை விடவில்லை. மூன்று எண்களையும் அப்படியே ஆய்வேட்டில் எழுதி, இதைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை என்று முடித்தார். நெறியாளர் சில மாதங்கள் பேசவில்லை. அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ் ஒன்று, முடிவில்லாத கட்டுரை என்று திருப்பிவிட்டது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், "அப்படியானால் இது புதிய இனமா, இல்லையா?" என்று கேட்டாராம். "தெரியவில்லை ஐயா" என்றாராம் இவர்.

நெறியாளர் சொன்னது சரியாகவே இருந்திருக்கக் கூடும். இன்று பாக்டீரியாவின் முழுத் தொடரையும் சில நாட்களில் வாசித்துவிடலாம். இரு தொடர்களின் சராசரி ஒப்புமை 95 விழுக்காட்டைச் சுற்றி அமைகிறதா என்று பார்ப்பதே இப்போதைய வழக்கம். பழைய எழுபதுக்கு அது ஏறத்தாழ ஈடு. வேதிப்பொருளும் வேண்டாம், நடுக்கமும் இல்லை. "வாசித்துப் பார்த்துவிடலாமே?" என்றோம் நாம்.

முடியாதாம். அந்தப் பாக்டீரியாவை உறைநிலையில் சேமித்து வைத்திருந்த குளிர்பெட்டி, ஆய்வுக்கூடம் ஒரு நீண்ட விடுமுறையில் பூட்டிக் கிடந்தபோது மின்தடையில் நின்றுபோயிற்று. திறந்து பார்க்கையில் குப்பிகள் எல்லாம் உருகிக் கிடந்தன. எடுத்த இடத்துச் சேற்றைத் தேடிச் சென்றால் அங்கே உப்பளம் மூடப்பட்டு இறால் பண்ணை வந்திருந்தது. ஆய்வேட்டின் படி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது; நாம் எடுத்துப் பார்த்தோம். 112ஆம் பக்கத்து அட்டவணையில் மூன்று எண்களும் உள்ளன. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சிறு கோடு இடப்பட்டுள்ளது.